சுவரில் பூத்தது உப்பா, பூசணமா?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை நம்மில் எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைக் காட்டிலும் இது அதிகம். தெருக்களில் நின்ற வெள்ளம் சில நாட்களில் வடிந்தது. ஆனால் சுவர்கள் குடித்த நீர் அவ்வளவு எளிதில் வடிந்துவிடவில்லை. அதன் விளைவுகளைப் பல வீடுகளில் மாதக்கணக்கில் காண நேர்ந்தது.

அதனை அடுத்து வந்த தவக்காலத்தில் பங்கு மக்களைச் சந்திக்க வீடு வீடாகச் சென்றேன். கடலை ஒட்டிய ஒரு தெருவில், மூன்று வீடுகள் இடைவெளியில், நான் கண்ட இரு காட்சிகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதல் வீட்டில் நான் நுழைந்தபோது கொத்தனார் ஒருவர் முன்னறைச் சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து மூன்றடி உயரத்திற்குச் சுவர் முழுவதும் வெண்மையாகப் பூத்திருந்தது. “விஷப் பூஞ்சையாம் சாமி. பிள்ளைங்க நெஞ்சுல போய் உக்காந்துக்குமாம். கைப்பேசியில படத்தோட வந்திச்சு” என்றார் வீட்டுக்காரர். பூச்சை அகற்றி மறுபூச்சுப் பூசுவதற்கென 40,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருத்தமே மிகுந்திருக்கும்.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி, அவருடைய மகள், ஏழு வயதுப் பேரன் ஆகிய மூவர். மழைக்குப் பின் அந்தச் சிறுவனுக்கு இரவில் இரைப்பு வந்துகொண்டிருந்தது. மருத்துவர் கொடுத்த இழுப்பு மருந்து தலையணைக்கு அருகிலேயே இருந்தது. அவன் படுக்கும் அறையில் சுவரோடு சுவராக ஓர் இரும்பு பீரோ. அதன் ஓரத்தில் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு திட்டு எட்டிப் பார்த்தது. நான் அதை நோக்குவதைக் கண்ட மூதாட்டி, “அது உப்புதான் சாமி. கடலோரத்து வீடுன்னா சுவர் பூக்கத்தானே செய்யும். என் மாமியார் காலத்துலயும் இப்படித்தான்” என்றார். “ஆமாம் பாட்டி” என்று நானும் தலையசைத்தேன். செபித்து, வீட்டை ஆசீர்வதித்து, வெளியே வந்துவிட்டேன்.

முதல் வீட்டில் பூத்திருந்தது வெறும் உப்பு. இரண்டாம் வீட்டில் இருந்ததுதான் பூசணம். அங்கே அஞ்சவேண்டாததற்கு அஞ்சிக் கடன்பட்டார்கள். இங்கே அஞ்சவேண்டியதை உப்பு என்று எண்ணி அதனருகே குழந்தையைப் படுக்கவைத்தார்கள். இரண்டு வீட்டிலும் நின்று பார்த்த எனக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இரு வாரங்கள் கழித்து வேறொரு காரியத்திற்காக லேவியர் நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 14-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. குருமடத்தில் நாங்கள் விரைந்து கடந்துபோன அதிகாரங்களுள் அதுவும் ஒன்று. வீட்டுச் சுவரில் தோன்றும் ‘தொழுநோய்’ பற்றி அது பேசுகிறது. மனிதரின் தோலிலும், துணியிலும், சுவரிலும் தோன்றும் கறைகளுக்கு எபிரேய மொழியில் ஒரே சொல்லே வழங்கியது. சுவரில் தோன்றியது பூசணமாகவோ அதையொத்த வேறொன்றாகவோ இருக்கலாம் என்பது உரையாசிரியர் பலரின் கருத்து. என்னைச் சற்றே திடுக்கிடச் செய்தது யாதெனில், அதைச் சென்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கடமை குருவினுடையது! வீட்டுக்காரர் தம் வீட்டில் நோய் இருப்பதாக அடித்துச் சொல்வதில்லை. நோய் போன்ற ஒன்று தென்படுவதாக மட்டுமே குருவிடம் வந்து சொல்ல வேண்டும். குரு நுழையுமுன் வீட்டிலுள்ள சாமான்களையெல்லாம் வெளியேற்ற வேண்டும். பச்சையாகவோ சிவப்பாகவோ கறை சுவருக்குள் ஆழ்ந்து காணப்பட்டால், குரு உடனே தீர்ப்பிடாமல் வீட்டை ஏழு நாட்கள் பூட்டிவைத்து, ஏழாம் நாள் மறுபடி வந்து பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டிவிட்டு, புதுக் கல்லும் புதுச் சாந்தும் இட வேண்டும். அதன் பின்னும் திரும்பி வந்தால்தான் வீட்டை இடிக்கும் கட்டளை.

சாமான்களை அகற்றிவிட்டுப் பார், பொறுத்திருந்து மறுபடி பார், பரவுகிறதா என்று பார் என்ற இந்த முறையில், பின்னாளில் நான் பொறியாளர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. நானோ பீரோவைக்கூட நகர்த்திப் பார்க்காமல் தலையசைத்து வந்தவன். மறுநாளே அந்தத் தெருவிற்குப் போனேன்.

பீரோவை நகர்த்த நான்கு பேர் தேவைப்பட்டனர். அதன் பின்புறம் சுவரில் ஒரு பாயளவுக்குப் படர்ந்திருந்தது. விளிம்பில் வெண்சாம்பலாகவும், நடுவில் கரும்பச்சையாகவும், ஆங்காங்கே வட்டம் வட்டமாகவும், பக்கவாட்டில் ஒளி பட்டபோது மெல்லிய பஞ்சு போலவும் தோன்றியது. பீரோவின் பின்பலகையில் சாத்தியிருந்த பழைய காலண்டர் அட்டைகளிலும், சணல் சாக்கிலும் அதே நிறம். மூடிக்கிடந்த மழைக்காலத்து மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற மக்கிய வாடை எழுந்தது. மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. பேரனின் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இனி, இவ்விரண்டையும் பிரித்தறியும் வழிகளைச் சொல்கிறேன்.

உப்புப் பூத்தல் என்பது உயிருள்ள ஒன்றன்று. செங்கல், சிமெண்ட், மணல், நிலத்தடி நீர் ஆகியவற்றில் கரைந்துள்ள உப்புகள் ஓதத்தோடு சுவருக்குள் ஏறி வருகின்றன. சுவரின் முகப்பில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாக வெளியே நின்றுவிடுகிறது. உப்பளத்தில் நிகழ்வதே சுவரிலும் நிகழ்கிறது எனலாம். ஆகையால் அது நீர் ஏறிவரக்கூடிய செங்கல், கல், சிமெண்ட் ஆகியவற்றின் மீதுதான் தோன்றும். மரப்பெட்டியிலோ, தோல் செருப்பிலோ, திருவிழாப் பட்டுப் புடவையிலோ வெண்மையாக ஏதேனும் படர்ந்தால் அது சுவர் உப்பாக இருக்க வாய்ப்பில்லை.

பூசணம் உயிருள்ளது. காற்றில் எங்கும் மிதக்கும் அதன் நுண்வித்துகள், ஈரமும் உணவும் கிடைத்த இடத்தில் வேர்விட்டாற்போல் இழைவிட்டுப் படரும். காகிதம், மரம், துணி, பசை, வர்ணம், தோல், சுவரில் படிந்த தூசு ஆகிய அனைத்தும் அதற்கு உணவே. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாட்களுக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் அது தலைகாட்டுவதில்லை. அதற்கு மேல் ஈரம் நின்றால் தொடங்கிவிடும்.

சோதிக்கும் முறை மிக எளிது. திட்டின் ஓரத்தில் சிறிதளவு நீர் தெளித்துப் பாருங்கள். உப்பானால் வெண்மை கரைந்து மறையும். சுவர் உலர்ந்தபின் திரும்ப எழும். பூசணமானால் நனைந்து படிந்து நிற்குமேயன்றிக் கரையாது. அடுத்து, ஒரு பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு சிறிது சுரண்டி எடுத்து நெருடிப் பாருங்கள். உப்பு நறநறவென்று பொடியாகும். பூசணம் மெழுகினாற்போல் இழுவும். பழைய சுவர்களில் சுண்ணாம்பே கடினமான படலமாக வெளிப்பட்டு நீரில் கரையாதிருப்பதும் உண்டு. அங்கே ஒரு சொட்டு வினிகரை விட்டால் நுரைத்துப் பொங்கும். பூசணம் அவ்வாறு பொங்காது. இருப்பினும், வெள்ளையடித்த சுவரில் அடித்த சுண்ணாம்பே பொங்கும் என்பதால், அச்சோதனையை மட்டும் நம்பிவிட வேண்டாம். முகர்ந்து பார்ப்பதற்காகத் திட்டின் மீது மூக்கை வைப்பது கூடாது. பூசணத்தின் வாடை அறைக்குள் நுழையும்போதே தெரியும்; அருகே சென்றால் வித்துகளை உள்ளிழுக்க நேரும்.

எல்லாவற்றினும் நம்பத்தக்கது பென்சில் சோதனை. திட்டின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் தேதியைக் குறித்துவிட்டு, ஏழு நாள் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பஞ்சு போன்ற புள்ளிகள் தெரிந்தால் ஐயமில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கடலோர வீடுகளில் உப்பும் பூசணமும் ஒரே சுவரில் குடியிருப்பதுண்டு. கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. அதனால் அத்தகைய சுவர் மழையில்லாத நாளிலும் வியர்த்து நிற்கும்; அந்த ஈரத்தில் தூசும் வர்ணமும் பூசணத்திற்கு விருந்தாகும். ‘மூன்றடிக்குக் கீழே உப்பு, பீரோவின் பின்னால் பூசணம்’ என்ற நிலையே அந்த மூதாட்டியின் வீட்டில் இருந்தது. ஆகவே அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது!

வெண்மையைப் பற்றிக் கூறினேன். கருமையைக் கண்டால் மக்கள் இன்னும் அதிகமாக அஞ்சுகிறார்கள். 2021-ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ நோய் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்தது. அக்காலத்தில் குளிர்பதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பிலும், வெங்காயத் தோலிலும் காணும் கருமையே அந்நோய்க்குக் காரணம் என்ற வதந்தி பரவிற்று. அது தவறு. நோயில் கருமை என்று சொல்லப்பட்டது, குருதியோட்டம் தடைபட்டு மடிந்த தசையின் நிறம். அதனை உண்டாக்குபவை மண்ணிலும் மக்கிய பொருட்களிலும் வாழும் வேறு வகைப் பூசணங்கள். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களையும், ஸ்டீராய்டு மருந்துகளை மிகுதியாகப் பெற்றவர்களையுமே அது பெரிதும் தாக்கியது. வெங்காயத்தின் மேல்தோலில் கரித்தூள் போல் படிந்திருப்பதும் பூசணந்தான். அதை மண் என்று நினைப்போர் அநேகர். மேல்தோல்களை உரித்து, நன்கு கழுவிவிட்டு உட்பகுதியைச் சமைக்கலாம். உள்ளேயும் கருத்து, மெத்தென்று போயிருந்தால் எறிந்துவிடுங்கள்.

சுவரில் தெரியும் கருமை பல வேளைகளில் வெறும் கரிதான். நம் வீடுகளில் சுரூபத்தின் பின்புறச் சுவர் ஏன் கருத்திருக்கிறது? ஆண்டுக்கணக்கில் ஏற்றிய மெழுகுதிரியின் புகையன்றி வேறென்ன? சுருள் கொசுவத்தியும், அடுப்பங்கரைத் தாளிப்பும் அவ்வாறே. கரி சுடருக்கு மேலாக நீண்டு ஏறியிருக்கும். பூசணம் ஈரமுள்ள மூலையில் வட்டப் புள்ளிகளாகத் தொடங்கும். ஐயமிருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் நிறம் வெளுத்தால் அது பூசணம். கருமை அப்படியே நின்றால் கரி. ஒரு கடுமையான எச்சரிக்கை: பிளீச்சிங் நீருடன் வினிகரையோ, கழிவறை அமிலத்தையோ, அம்மோனியா கலந்த வேறு எதையுமோ ஒருபோதும் சேர்க்கலாகாது. எழும் நச்சு வாயு நுரையீரலைச் சுட்டுவிடும். ஆதலின் வினிகர்ச் சோதனையையும் இதனையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டாம்.

கிணற்றடியிலும் வெளிச்சுவரிலும் பச்சையாகப் படர்வது பெரும்பாலும் பாசி. அது ஒளியை நாடும். பூசணம் இருளுக்கும் அஞ்சாது. பாசியால் வரும் கேடு வழுக்கி விழுவதுதான். அதுவும் முதியோருக்குச் சிறிய கேடன்று.

இதனை எழுதுவதாகச் சொன்னபோது பங்கிலுள்ள அன்னையர் சிலர் சமையலறையையும் விட்டுவிடாதீர்கள் என்றனர். அங்கே இத்தகைய ஏமாற்றங்கள் ஏராளம். நம் பக்கத்தில் தடியங்காய் எனப்படும் சாம்பல் பூசணியின் மேலுள்ள வெண்பொடி, அக்காய் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் மெழுகு. பெயரில் பூசணி இருந்தாலும் அது பூசணம் அன்று! திராட்சையின் மேலுள்ள மங்கிய பூச்சும் அத்தகையதே. வளைகுடாவிலிருந்து வந்த சாக்லேட் நம் வெயிலில் இளகி, மறுபடி இறுகியபின் வெளுத்துக் காணப்படுமானால், அது மேலே மிதந்து வந்த கொழுப்பு. சுவை சற்றுக் குறையுமேயன்றித் தீங்கில்லை.

கருவாட்டில் சற்று நிதானம் தேவை. மேலே வெள்ளையாக, விரலுக்கு மணல் போல் தட்டுப்பட்டு, நீரில் கரைவது உப்பு. பழுப்பு நிறத்தில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள் எழுந்திருந்தால் அது பூசணம். இளஞ்சிவப்பாகி, பிசுபிசுத்து, நாற்றமடித்தால் உப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனைக் கெடுத்துவிட்டன என்று பொருள். கழுவிக் காயவைத்து விற்பாரும் உண்டு. வாங்காதீர்கள்.

எண்ணெய் ஊற்றாத எலுமிச்சை ஊறுகாயின் மேல் தட்டையாக, மடிப்பு மடிப்பாக, பஞ்சில்லாமல் ஒரு வெண்படலம் தோன்றினால் அது பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட்; தீங்கற்றது, ஆயினும் மணத்தைக் கெடுக்கும். பஞ்சாக எழுந்து, பச்சையோ கருமையோ கொண்டிருந்தால், மேலே வழித்துவிட்டு அடியில் உள்ளதை உண்ணும் நம் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். ரொட்டிக்கும் இதுவே விதி.

நிலக்கடலை, கொப்பரை, மக்காச்சோளம் ஆகிய மூன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் மஞ்சள் பச்சை நிறப் பூசணம் ஒன்று சுரந்த நஞ்சே காரணமென்று பின்னர் கண்டறிந்து, அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். 1974-இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான், குஜராத் எல்லையோரச் சிற்றூர்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தனர். வறுப்பதாலோ வேகவைப்பதாலோ இந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. கசக்கும் கடலையைத் துப்பிவிடும் குழந்தையைத் தயவுசெய்து அதட்டாதீர்கள்.

மறுபடி அந்தத் தெருவிற்கு வருவோம். முதல் வீட்டுக்காரரிடம் நான் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் மறுபூச்சு முடிந்துவிட்டது. ஈரம் உலராத செங்கல்லின் மேல் கனத்த சிமெண்ட் பூச்சு. மூன்றாம் மாதம் அதற்கு மேலே, நான்கடி உயரத்தில் உப்புப் பூத்தது. தடுக்கப்பட்ட நீர் வேறு வழி தேடி ஏறியிருந்தது. வெள்ளத்தில் ஊறிய சுவர் முழுவதும் உலரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளி வெளியே போட்டு வருவதே போதும். நீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். இவ்வளவும் துடைப்பச் செலவோடு முடிந்திருக்க வேண்டிய காரியம். அவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

மூதாட்டியின் வீட்டில் பூசணத்தை அகற்றும் நாளில் சிறுவனை அத்தை வீட்டிற்கு அனுப்பினோம். இரைப்பு உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அவ்வேளையில் அருகில் இருக்கலாகாது. இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் இருவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தனர். உலர்ந்த துடைப்பத்தால் பூசணத்தைத் தட்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். உப்பிற்குச் சொன்ன வழியை இங்கே பின்பற்ற வேண்டாம். காலண்டர் அட்டைகளையும் சாக்கையும் பையில் கட்டி அப்புறப்படுத்தினர். மூன்றடிக்கு மூன்றடி அளவுள்ள திட்டை வீட்டாரே இவ்வாறு நீக்கிக்கொள்ளலாம். அதனினும் பெரிதாயின் விவரமறிந்தவரின் துணை நல்லது.

துடைத்ததோடு வேலை முடியவில்லை. ஈரம் எங்கிருந்து வந்தது? மாடிக்குச் சென்று பார்த்தபோது அந்த அறைக்கு நேர் மேலே மழைநீர்க் குழாயின் கழுத்தில் விரல் நுழையும் விரிசல். வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு நாங்கள் அண்ணாந்து பார்க்கவே இல்லை! அதனை அடைக்க 350 ரூபாய் ஆயிற்று. அதற்கு முன் அந்தச் சுவரில் மூன்று முறை வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பின் காரம் பூசணத்தைச் சில காலம் அடக்கி வைக்கும். ஈரம் நிற்கும்வரை அது திரும்பி வரும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். காற்று புகுந்து செல்ல அவ்வளவு இடம் போதும்.

சிறுவனுக்கு இரைப்பு அறவே நின்றுவிட்டது என்று நான் எழுதமாட்டேன். பனிக்காலத்தில் இன்னும் வருகிறது, மருத்துவரிடம் போய்வருகிறார்கள், மருந்தும் தொடர்கிறது. ஆனால் இரவில் எழுந்து உட்காரும் நாட்கள் குறைந்திருப்பதாக அவனுடைய தாய் சொல்கிறார்.

சென்ற ஐப்பசியில் அவ்வீட்டிற்குப் போயிருந்தேன். சுவர் வெண்மையாக இருந்தது. நான் அன்று வரைந்த பென்சில் கோடும், அதன் பக்கத்தில் எழுதிய தேதியும் மட்டும் அப்படியே இருந்தன. வெள்ளையடித்தவர் அந்த இடத்தைச் சுற்றி ஒதுக்கி அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “இருக்கட்டும் சாமி, அடுத்த மழைக்கு வேணும்” என்றார் மூதாட்டி.